தவிட்டுப்பழச் செடி வளர்ப்பு: மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள் முதல் வருடம் செய்யும் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான். மேட்டுப்பாளையம் பக்கத்துச் சாலையோர நர்சரியில் வண்டியை நிறுத்தி, பூவோடு நிற்கும் செடிகளாகப் பார்த்து டிக்கி நிறைய அள்ளிக்கொண்டு மலை ஏறுவார்கள். சமவெளி வெயிலில் வளர்ந்த செடிகள் அவை. பாதி மழையில் அழுகும், மீதி மார்கழிப் பனியில் கருகும். அடுத்த கோடையில் மறுபடியும் மேட்டுப்பாளையம். நானும் இரண்டு வருடம் இப்படித்தான் காசைக் கரைத்தேன்.

அந்த இரண்டு வருடமும் என் வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைத் தோட்டம் முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில், ஒரு புதர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, உரம் வைக்க ஆளில்லை. கோடையில் உடம்பெல்லாம் ரோஜா நிறப் பூ. அதன் பிறகு கருநீலப் பழம், பழத்துக்குச் சண்டை போடும் சின்னான் குருவிகள். அதுதான் தவிட்டுப்பழச் செடி. பேச்சில் தவுட்டுப்பழம். தவிட்டுக் கொய்யா என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் ரோடோமிர்ட்டஸ் டொமென்டோசா. ஆங்கிலத்தில் இதை மலை நெல்லி என்ற பொருளில் அழைப்பதுண்டு. நெல்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். நம் மலைகளை மூடியிருக்கும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ்கூட இதே குடும்பம்தான். ஆனால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது, இது இந்த மண்ணிலேயே இருந்தது.

மலைக்கு வந்தவுடன் எல்லாரும் கேட்பது குறிஞ்சியைத்தான். ஆசை நியாயமானதே. ஆனால் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, செத்துப்போகும் செடி. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030. முதன்முதலாகச் செடி வளர்க்கப் போகிறவர் வருடா வருடம் பூவைப் பார்த்தால்தான் கை பழகும். குறிஞ்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

வாங்கப் போகும் முன் செடியை ஒருமுறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நர்சரியில் தவிட்டுப்பழம் என்று சொல்லி 3 செடி கொடுத்தார்கள். ஆசையாக வளர்த்தேன். ஒரு வருடம் கழித்து உள்ளங்கை அகலத்தில் அடர்ந்த ஊதா நிறத்தில் பூத்தது. பார்க்க அழகுதான். ஆனால் அது பிரேசில் நாட்டுத் திபூச்சினா. கொடைக்கானல், ஊட்டி பங்களாத் தோட்டங்களில் நிறையப் பார்க்கலாம். கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. இலையில் நீளவாக்கில் நரம்பு ஓடுவதைப் பார்த்து அவரும் குழம்பியிருப்பார்.

குழப்பம் வராமல் இருக்க இலையைத் திருப்பிப் பாருங்கள். தவிட்டுப்பழ இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். மேற்பக்கம் பளபளப்பான கரும்பச்சை, விரலால் தடவினால் வழவழப்பு. அடிப்பக்கம் வெல்வெட் துணிபோலச் சாம்பல் வெள்ளை. அடியிலிருந்து நுனி வரை 3 நரம்புகள் ஓடும்: நடுவில் ஒன்று, விளிம்பையொட்டி இரண்டு. திபூச்சினா இலையில் இரண்டு பக்கமும் மயிர் இருக்கும், நரம்புகளும் கூடுதல். பூ இருந்தால் சந்தேகமே வேண்டாம். 5 இதழ், நடுவில் குஞ்சம்போல் நிறைய மகரந்தத் தாள்கள். கொய்யாப் பூவுக்கு ரோஜா நிறம் பூசினால் எப்படி இருக்குமோ அப்படி. மலர்ந்த அன்று அடர்ந்த நிறம், நாள் போகப் போக வெளுத்து வெள்ளையை நெருங்கிவிடும். அதனால் ஒரே புதரில் மூன்று நான்கு சாயல் பூக்களை ஒரே நேரத்தில் பார்க்கலாம். பழத்தின் தலையில் கொய்யாவுக்கு இருப்பதுபோல் புல்லிதழ்க் கிரீடம் இருக்கும், தோலில் மென்மயிர். தவிடு தூவியதுபோல் இருப்பதால்தான் இந்தப் பெயரோ என்று எனக்கொரு ஊகம்.

இடம் பார்ப்பது

இந்தச் செடிக்கு வெயில் வேண்டும். காட்டுச் செடி என்றதும் மர நிழலில் வைத்துவிடுகிறார்கள். இது சோலையின் உள்ளே வளரும் செடி அல்ல. சோலை முடியும் ஓரத்திலும், புல்மேட்டிலும், சரளைச் சரிவிலும் வளர்வது. நிழலில் வைத்தால் சாகாது, ஆனால் கொடிபோல நெடுநெடுவென்று நீண்டு பத்துப் பூவோடு நின்றுவிடும். நாளுக்கு 6 மணி நேர வெயில் விழும் இடம் பாருங்கள். மஞ்சு மூடும் நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது நம் கையில் இல்லை.

தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகாது. உறைபனி விழும் ஊர் என்றால் பள்ளத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து கீழே போய்த் தேங்கும். ஊட்டியில் முன்பு குதிரைப் பந்தயம் நடந்த மைதானமும் தாவரவியல் பூங்காவின் புல்வெளியும் வெள்ளை வெளேரென்று கிடக்கும் காலையில், சற்று மேலே சரிவில் இருக்கும் வீட்டில் பனியே விழுந்திருக்காது. உங்கள் நிலத்திலேயே எந்த மூலை முதலில் வெளுக்கிறது என்று ஒரு குளிர்காலம் பார்த்து வைத்துக்கொண்டால் எந்தச் செடிக்கும் அது உதவும்.

வீட்டுச் சுவரை ஒட்டி நடாதீர்கள். காரணம் அடுத்து வரும் மண் விஷயத்தில் இருக்கிறது.

இன்னொன்று, கரடி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியிருப்புக்குள்ளேயே கரடி வருவது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இனிப்புப் பழம் எதுவானாலும் அதை இழுக்கும். அந்த நடமாட்டம் உள்ள தெருவில் இருந்தால் வாசற்படிக்கும் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். நிலத்தின் கடைசிக்குப் போங்கள். மிகவும் அருகில் காடு என்றால், பூவை மட்டும் ரசித்துக்கொண்டு பிஞ்சிலேயே உருவிவிடலாம். எனக்கு மனம் வராது, ஆனால் அப்படிச் செய்பவர்கள் உண்டு.

மண்: முக்கால்வாசி விஷயம் இங்கேதான்

நான் கொன்ற செடிகள் எல்லாம் மண்ணால் போனவைதான். அதுவும் மண் மோசமாக இருந்து அல்ல, நான் அதை நல்ல மண் ஆக்கப் போய்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் மண் இயற்கையாகவே புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. ஆண்டுதோறும் பெய்யும் மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவி இறக்கிவிடும். தேயிலை இங்கே செழிப்பதற்கும் அதுதான் காரணம். தவிட்டுப்பழமும் தேயிலையைப் போலவே புளிப்பு மண்ணில் வாழப் பழகியது. சத்து குறைந்த சரளையில் சந்தோஷமாக இருக்கும்; சுண்ணாம்பு மட்டும் அதற்கு ஆகவே ஆகாது.

ஆனால் மனிதர்கள் குடியிருக்கும் இடமெல்லாம் சுண்ணாம்பு வந்துவிடுகிறது. கேரட், உருளை, முட்டைக்கோஸ் போட்ட நிலமாக இருந்தால் பல வருடம் டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடியைக் கொட்டியிருப்பார்கள், காய்கறிக்கு அது தேவை. வீடு கட்டிய இடத்தில் சிமெண்ட் கலவை, பூச்சு உதிர்ந்த தூள், கட்டட இடிபாடு எல்லாம் மண்ணோடு கலந்திருக்கும். சுவரை ஒட்டி நட வேண்டாம் என்று சொன்னது அதனால்தான். மழை சுவரில் வழிந்து அடிவாரத்து மண்ணைச் சுண்ணாம்பு ஆக்கிவிடும்.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள மூன்று வழி சொல்கிறேன்.

முதல் வழிக்குக் காசு வேண்டாம், கண் போதும். வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் ஹைட்ரேஞ்சியா இருக்கிறதா பாருங்கள். இந்த மலைகளில் அது இல்லாத தெரு குறைவு. பூ நீலமாக இருந்தால் மண் புளிப்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. வெள்ளைப் பூ வகையை நம்ப வேண்டாம், அது நிறம் மாறாது. என் வீட்டில் ஒரே வரிசையில் நான்கு செடி. கேட்டை ஒட்டியது நீலம், சுவரை ஒட்டியது ரோஸ். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இரண்டாவது, ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணில் சமையல் வினிகர் சில துளி. நுரை பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பொங்காவிட்டால் மட்டும் எல்லாம் சரி என்றாகாது. கொஞ்சமாக இருக்கும் சுண்ணாம்பு நுரைக்காது.

மூன்றாவது, முறையான மண் பரிசோதனை. நிறைய செடி வைத்து வேலி அமைக்கப் போகிறீர்கள் என்றால் செய்துவிடுங்கள். கார அமில நிலை (pH) 4.5 முதல் 6 வரை இருந்தால் கவலை இல்லை. 6.5ஐத் தாண்டிவிட்டால் இந்தச் செடியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு பெரிய தொட்டியிலோ மேடு கட்டியோ வேறு மண் நிரப்பி வளர்க்கலாம்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் வைத்த மூன்று நிஜத் தவிட்டுப்பழச் செடிகளுக்கு நான் கொடுத்த விருந்து: குழி நிறையத் தொழுஉரம், மேலே அடுப்புச் சாம்பல், பக்கத்துக் கேரட் தோட்டத்தில் மிஞ்சிய டோலமைட் ஒரு படி. மூன்று மாதத்தில் புதுத் துளிர் மஞ்சளாக வந்தது. நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறல். சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன். சுண்ணாம்பும் சாம்பலும் ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டினி கிடந்த கதை அது. மேலே மேலே போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கும் அக்கா ஒருநாள் கேட்டார்: “ஏன் தம்பி, அது காட்டுல தானா கெடந்து வளர்ற புள்ள. அதுக்குப் போயி எதுக்கு இம்புட்டுச் சோறு?” அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்றும் போயின.

அதனால் சாம்பல் வேண்டாம், டோலமைட் வேண்டாம், முட்டை ஓடு வேண்டாம். தண்ணீரையும் பாருங்கள். டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுகிறது என்றால் உங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது. தொட்டிச் செடிக்கு மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

நாற்று எங்கிருந்து

காட்டிலிருந்து பிடுங்கி வரலாமே என்று தோன்றும், சாலையோரத்தில் அத்தனை இருக்கிறதே என்று. வேண்டாம். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன் கீழ் குற்றம். சட்டத்தை விடுங்கள், பிடுங்கி நட்டது பிழைப்பதும் இல்லை. சரளைக்குள் ஆழமாக இறங்கிய வேர் பாதியில் அறுந்துவிடும். பத்து நாள் பச்சையாக நின்று நம்மை ஏமாற்றிவிட்டு அப்புறம் காயும்.

சோலைச் செடிகளை வளர்க்கும் சிறு நாற்றங்கால்கள் இரண்டு மலையிலும் உண்டு. விசாரித்தால் கிடைக்கும். வாங்கும்போது உயரமான செடியைத் தேடாதீர்கள். ஒரு முழ உயரம், அடியிலிருந்தே கிளைத்தது, பையின் அடியில் வேர் வெளியே சுருண்டு கிடக்காதது. மலையிலேயே வளர்ந்த நாற்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் நம் குளிர், சமவெளியில் வளர்ந்த நாற்றுக்கு அதிர்ச்சி.

பொறுமை இருந்தால் விதை. எனக்கு அதுதான் பிடித்தது. உங்கள் பக்கத்திலேயே பழுத்த பழத்திலிருந்து விதை எடுத்தால் அந்தச் செடிக்கு உங்கள் ஊரின் பனியும் மழையும் பரம்பரையாகவே தெரியும்.

தனியார் நிலத்தில், கேட்டுவிட்டு, நன்றாகப் பழுத்த பத்துப் பழம் எடுங்கள். தொட்டால் கையோடு வருவதுதான் பழுத்தது. ஒரு பழத்துக்குள்ளேயே டஜன் கணக்கில் சிறு விதைகள் இருக்கும், கொய்யா விதைபோலக் கடினமாக. கிண்ணத்துத் தண்ணீரில் பிசைந்து, சதையை இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டி, அடியில் தங்கும் விதையை டீ வடிகட்டியில் பிடித்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் ஒருநாள் உலர்த்துங்கள். உடனே விதைப்பது நல்லது, டப்பாவில் வைத்து அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

விதைக்கும் கலவை: சலித்த செம்மண் 2 பங்கு, கழுவிய ஆற்று மணல் 1 பங்கு, மக்கிய இலைமண் 1 பங்கு. எம்-சாண்ட் போட்டால் அதன் தூள் மண்ணை இறுக்கிவிடும், நன்றாகக் கழுவாமல் சேர்க்காதீர்கள். ஆழமில்லாத தட்டு அல்லது அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா போதும். விதையை மேலாகத் தூவி, அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மட்டும் மணல் தூவுங்கள். ஆழப் புதைத்தால் வராது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், தெளியுங்கள். மேலே ஒரு கண்ணாடியோ பழைய பாலிதீன் தாளோ மூடி, நேர்வெயில் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள்.

அப்புறம் மறந்துவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். சில வாரம் ஒன்றும் நடக்காது. நான் ஒருமுறை 5 வாரம் பார்த்துவிட்டு, பயனில்லை என்று தட்டைக் கவிழ்த்துக் கொட்டினேன்; கொட்டிய இடத்தில் அடுத்த மாதம் முளைத்தது. 2 மாதமாவது பொறுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். முளை கடுகுச் செடிபோலச் சிறியது. 4 ஜோடி இலை வந்தபின் தனித்தனிப் பைக்கோ தொட்டிக்கோ மாற்றலாம். நிலத்துக்குப் போகும் அளவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பூக்க இன்னும் இரண்டு மூன்று வருடம். 12 வருடக் குறிஞ்சியை நினைத்துக்கொண்டால் இது ஒன்றும் பெரிதல்ல.

போத்து வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். முற்றிய கட்டை வேர் விடுவது அரிது. அந்தப் பருவத்துக் கிளையில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும் பாகத்தை ஒரு சாண் வெட்டி மணலில் வைத்தால் சில வேர் பிடிக்கும். எனக்குப் பத்தில் இரண்டு பிடித்தது. விதை இருக்கும்போது அதற்கு மெனக்கெடுவானேன் என்று விட்டுவிட்டேன்.

எப்போது நடுவது

எல்லா ஊருக்கும் ஒரே மாதம் சொல்ல முடியாது. நீலகிரியிலேயே கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலம். கொடைக்கானலுக்கும் ஐப்பசி மழையே முக்கியம். மழை வரும்போது நடுவது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் பனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபரில் நட்ட செடி வேர் ஊன்றுவதற்குள் டிசம்பர் வந்துவிடும்.

ஆகவே உறைபனி விழும் இடம் என்றால் ஜூனில் நடுங்கள். மழை குறைவான ஜூனாக இருந்தால் கையால் ஊற்றிக்கொள்ளலாம், அந்தக் குளிர்ச்சியில் அதிகம் கேட்காது. பனி விழாத சரிவு என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் வசதி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நடவே வேண்டாம். கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறோம், கையோடு நட்டுவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நடும் முறை

குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். மண் மிகவும் களியாக இருந்தால் ஒரு சட்டி சரளையும் ஒரு சட்டி மக்கிய இலைமண்ணும் சேர்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். குழிக்குள் மட்டும் சத்தான மண் நிரப்பினால் வேர் அதைத் தாண்டி வெளியே போகாமல் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

பையைக் கிழித்து, வேர் சுருண்டிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிட்டு, பையில் மண் இருந்த மட்டமும் தரை மட்டமும் ஒன்றாக வரும்படி வையுங்கள். தண்டை ஆழமாகப் புதைக்காதீர்கள். மண்ணைக் காலால் மிதிக்க வேண்டாம், கையால் அழுத்தினால் போதும்.

நிலம் சரிவாக இருந்தால் (இங்கே யாருடையது சரிவு இல்லை?) செடியைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டக் கூடாது. இறக்கத்துப் பக்கம் மட்டும் பிறை வடிவில் ஒரு சிறு கரை. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் கொஞ்சம் நின்று இறங்கும், அதிகமானால் இரு ஓரமும் வழிந்து போய்விடும். புதராகத் தனித்து நிற்க வேண்டும் என்றால் செடிக்குச் செடி 6 அடி, வேலியாக வேண்டும் என்றால் 3 அடி.

மூடாக்கு போடுங்கள். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் சருகு நன்றாக இருக்கும். சீகை (வாட்டில்) மரத்தடிச் சருகை மட்டும் அள்ளி வராதீர்கள், அதில் விதை இருக்கும். ஒரு தவிட்டுப்பழச் செடி வைக்கப் போய் நாற்பது சீகைக் கன்று களையெடுக்கும் வேலை வந்து சேரும். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் விட்டுப் பரப்புங்கள்.

முதல் இரண்டு வருடம்

முதல் கோடையில் வாரம் ஒருமுறை, ஒரு குடத்தில் பாதி. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் அதுவும் வேண்டாம். இரண்டாம் கோடையில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது வருடம் தண்ணீர்க் குடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உரம் என்று கை அரித்தால், மழை தொடங்கும் முன் இரண்டு கைப்பிடி மக்கிய இலைமண். யூரியா வேண்டவே வேண்டாம். நீர் கோத்த துளிராக வரும், அசுவினி ஏறும், பனியில் முதலில் கருகுவதும் அந்தத் துளிர்தான்.

பனி விஷயம். வளர்ந்த செடி உறைபனியைத் தாங்கும், ஊட்டிச் சரிவுகளில் தானாகவே நிற்கிறது. முதல் இரண்டு குளிர்காலம் மட்டும் கன்றுக்குப் பாதுகாப்பு கொடுங்கள். தேயிலைக் கன்றுகளுக்குத் தாகைச் செடியை வெட்டிக் கவிழ்த்து வைத்திருப்பதை டிசம்பர் மாதம் வழியெல்லாம் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். காற்றோட்டம் இருக்கும்படி கூடாரம்போலச் சாய்த்து வைத்தால் போதும். பிளாஸ்டிக் தாளைச் செடியின் மேல் படும்படி போர்த்தினால் பட்ட இடமெல்லாம் கருகும். மீறிக் கருகிவிட்டால் உடனே கத்தரியைத் தூக்காதீர்கள். மார்ச் வரை அப்படியே விடுங்கள். எது செத்தது, எது சும்மா இலை உதிர்த்தது என்று துளிர் வரும்போது செடியே காட்டிவிடும்.

காட்டெருமை வரும் ஊரில் இளங்கன்றுக்கு ஆபத்து வாயால் அல்ல, குளம்பால். அது நடக்கும் தடம் எதுவென்று பார்த்து அந்த வழியை விட்டு நடுங்கள். வேலி போட்டு அதைத் திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

வளர்ந்த பிறகு

ஆள் உயரம் வரை வரும், விட்டால் இன்னும் மேலே போகும். பழம் முடிந்ததும் நீண்ட கிளைகளின் நுனியைக் கிள்ளிவிட்டால் அடர்த்தியாகும். பெட்டி வடிவில் சதுரமாக வெட்டும் ஆசை வேண்டாம், பூக்கும் கிளையெல்லாம் அதோடு போய்விடும். பல வருடம் கழித்து அடியில் வெறும் கட்டையாகிவிட்டால் தரையிலிருந்து ஓர் அடி விட்டு மொத்தமாக வெட்டலாம். புல்மேட்டுத் தீயில் கருகிவிட்டுத் திரும்பத் துளிர்க்கும் சாதி இது, கத்திக்குப் பயப்படாது. அந்த வருடம் மட்டும் பூ இருக்காது.

பூச்சித் தொல்லை குறைவு. எறும்பு ஏறி இறங்கினால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலைக்கு அடியில் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்தால் அடங்கும்.

பிற ஊர்களில் இருக்கும் உறவினர்களுக்கு விதை அனுப்பும் பழக்கம் உண்டென்றால் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் புளோரிடாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் இந்தச் செடி, அழகுக்கென்று கொண்டுபோய் வைக்கப்பட்டு, பறவைகள் பரப்பி, இன்று ஒழிக்க முடியாத களையாக நிற்கிறது. நம் மலையில் உண்ணிச்செடி செய்யும் வேலையை அங்கே நம் வீட்டுப் பிள்ளை செய்கிறது. இங்கே அதைத் தின்ன, அரிக்க, அடக்கி வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அங்கே இல்லை. கடல் தாண்டி விதை அனுப்பாதீர்கள்.

பழம்

பூத்து உதிர்ந்தபின் காய் பச்சையாக இருந்து, மங்கிய சிவப்பாகி, கடைசியில் கருநீலமாகும். சிவப்பில் பறித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். கருநீலம் ஆனபின்னும் இரண்டு நாள் விட்டு, தொட்டால் கழன்று விழும்போது எடுங்கள். அதற்குள் சின்னான் குருவி முந்திக்கொள்ளும். வலை போடுவதை நான் விட்டுவிட்டேன். குருவி சிக்கிக்கொண்டு படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. மேல் கிளை அதற்கு, கீழ்க் கிளை எங்களுக்கு என்று ஓர் ஏற்பாடு.

அப்படியே தின்னலாம். நாக்கும் பல்லும் ஊதாவாகும், வெள்ளைச் சட்டையோடு நிற்கும் குழந்தையிடம் கொடுக்க வேண்டாம். வியட்நாமில் ஃபூ குவோக் தீவில் இதைக் கொண்டு மது செய்கிறார்கள், அங்கே இதற்கு சிம் என்று பெயர். நம் பக்கம் ஜாம், ஜெல்லிதான். ஒரு கிலோ பழத்தைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிடுங்கள். பிழிந்தால் கலங்கும். சொட்டி இறங்கிய சாறு எவ்வளவோ, அதில் முக்கால் பங்கு சர்க்கரை, ஓர் எலுமிச்சையின் சாறு. கொதித்துக் கம்பிப் பதம் தாண்டி, தட்டில் விட்ட சொட்டு ஓடாமல் நின்றால் இறக்கலாம். நன்றாகப் பழுத்ததோடு சிவந்த காயும் கால் பங்கு சேர்த்தால் சீக்கிரம் உறையும்.

அடுத்த வருட நாற்றுக்கு விதை வேண்டும் என்றால் அதற்கான பத்துப் பழத்தை அடுப்பில் ஏற்றும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். துணியில் மிஞ்சிய சக்கையில் விதை குவியலாகக் கிடக்கும், ஆனால் அது வெந்த விதை. நான் அதையும் ஒரு தட்டு நிறைய விதைத்து 2 மாதம் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.